48 ஊசி மெஷினில் போர்வை பின்னலாமா?

கேள்வி: பேத்திக்கு 50க்கு 60 அங்குலத்தில் உல்லன் போர்வை பின்ன ஆசை. அமெரிக்காவில் இருக்கும் மகள் அதை ஆஃப்கன் என்கிறாள். கையால் பின்னத் தெரியும், ஆனால் விரல் வலி. கைப்பிடியைச் சுற்றினால் பின்னிவிடும் 48 ஊசி வட்ட மெஷின் வாங்கலாமா? தெரிந்தவர் ஒருவர் பிரதர் கம்பெனியின் பழைய பின்னல் மெஷினைத் தருகிறேன் என்கிறார், அது தேவலையா? - குன்னூர் வாசகி

பதில்: விரல் வலியோடு இதைக் கையால் முடிப்பது பெரிய வேலைதான். நடுத்தர நூலில் அங்குலத்துக்கு நாலரை கண்ணி, ஆறு வரிசை என்று வைத்தால் மொத்தம் 81,000 கண்ணி, நிமிடத்துக்கு 30 போட்டாலும் 45 மணி நேரம் ஆகும்.

ஆனாலும் வட்ட மெஷினைப் போர்வைக்காக வாங்காதீர்கள். 48 ஊசியில் தட்டையாகப் பின்னினால் பத்துப் பதினோரு அங்குல அகலப் பட்டைதான் வரும். அப்படி ஐந்து பட்டை வேண்டும், அவற்றுக்கு நடுவே நான்கு தையல், ஒவ்வொன்றும் 60 அங்குலம், ஆக 20 அடி நீளம் கையால் இணைக்க வேண்டும், அதுவும் இதே வலிக்கும் விரல்களால். போதாததற்கு மெஷின் பின்னல் ஓரத்தில் சுருண்டுகொள்ளும், சுற்றிலும் குரோஷா பார்டர் போட்டால்தான் அடங்கும். தொப்பிக்கும் மஃப்ளருக்கும் நல்ல மெஷின், அவ்வளவுதான்.

அந்த பிரதர் மெஷினைப் போய்ப் பாருங்கள். முதலில் ஊசிக்கு ஊசி இடைவெளியை அளந்துவிடுங்கள். 4.5 மி.மீ. என்றால் 200 ஊசி இருக்கும், போர்வை இரண்டே பட்டையில், ஒரே தையலில் முடியும், ஆனால் மெல்லிய நூல்தான் போகும், கடையில் போர்வைக்கென்று கொடுக்கும் தடித்த நூலைப் போட்டால் கேரேஜ் (ஊசிகளின் மேல் இடவலமாகத் தள்ளும் பகுதி) சிக்கிக்கொள்ளும். 9 மி.மீ. என்றால் தடித்த நூலுக்கானது. அப்புறம் ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் உலோகப் பட்டையைப் பக்கவாட்டில் உருவிப் பாருங்கள். அதற்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் பஞ்சு நசுங்கியோ பிசுபிசுத்தோ போயிருந்தால் ஊசி தூக்கிக்கொண்டு கண்ணி நழுவும், பலர் மெஷினே கெட்டுவிட்டது என்று ஓரங்கட்டுவது இதனால்தான். பஞ்சை மாற்றினால் சரியாகிவிடும். கேரேஜ் தடங்கலில்லாமல் ஓடி, ஊசி நுனியில் திறந்து மூடும் தாழ்கள் வளையாமல் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

அது அமையாவிட்டால் 100 செ.மீ. வட்ட ஊசி (வளையும் கேபிளால் இணைத்த இரண்டு ஊசி) வாங்கிக் கையாலேயே பின்னுங்கள். கனம் மடியில் கிடப்பதால் மணிக்கட்டு இழுபடாது, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

நூல் விஷயத்தில் ஒன்று. நடுத்தர நூல் என்றால் சுமார் ஒரு கிலோ பிடிக்கும், மொத்தத்தையும் ஒரே நாளில், எல்லா உருண்டையிலும் ஒரே லாட் நம்பர்தானா (ஒரே தடவையில் சாயம் போட்டதற்கான எண்) என்று பார்த்து வாங்குங்கள், ஒரே நிறம் என்று கடைக்காரர் சொன்னாலும் லாட் மாறினால் போர்வையின் நடுவே கோடு போட்டதுபோலத் தெரியும்.