சோற்றில் நடந்துபோகிறவர்

கேள்வி: ஐயா, நான் குடியாத்தத்தில் ஒரு லுங்கி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஐந்து வருடமாகக் கவிதையும் எழுதுகிறேன். என்னைப் போல எழுதிப் பார்க்கிற 14 பேர், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் வேலூர்க் கோட்டைக்குள் ஒரு மரத்தடியில் கூடிப் படித்துக் காட்டிக்கொள்கிறோம். நர்ஸ், பஸ் கண்டக்டர், தையல்காரர், காலேஜ் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்று எல்லாரும் உண்டு. யார் எதைப் படித்தாலும் "அருமை", "சூப்பர்" என்று கைதட்டுவோம். போன மாதம் ஆம்பூரிலிருந்து வரும் 19 வயதுத் தம்பி ஒருவன் அவன் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்தான். கடைசி இரண்டு வரிக்கு நாங்கள் நன்றாகக் கைதட்டினோம். தமிழாசிரியர் ஐயா மட்டும், "சோற்றில் எப்படி ஆள் நடப்பான்? உரைநடையை உடைத்துப் போட்டால் கவிதையா?" என்று கேட்டார். சிலர் சிரித்துவிட்டார்கள். இந்த மாதம் தம்பி வரவில்லை. இனிமேல் பாராட்டு மட்டும் போதும் என்று பாதிப் பேரும், குறையே சொல்லாவிட்டால் எப்படி வளர்வது என்று பாதிப் பேரும் பேசுகிறோம். நான் எந்தப் பக்கம் நிற்பது? என் கவிதைக்கும் "அருமை"தான் கிடைக்கிறது. அது நன்றாக இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. தம்பியின் கவிதையையும் என் நான்கு வரியையும் சேர்த்து அனுப்புகிறேன். அவனிடம் போனில் கேட்டேன். "போடுங்கக்கா, என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்றான்.
பெயர் வேண்டாம், குடியாத்தம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தம்பியின் கவிதை. அவனே சம்மதித்ததால் முழுவதையும் தருகிறேன்.

ஷூ கம்பெனி வேன் வரும்
ஐந்தே முக்காலுக்கு.
அம்மா கையில் பசை வாசம்.
அவள் பிசைந்து தரும் சோற்றில்
யாரோ ஒருவர் நடந்துபோகிறார்.
தாயே, நீ தியாகத்தின் சிகரம்
உன் பாதம் பணிகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இதைப் படித்தேன். அப்புறம் கடிதத்துக்குத் திரும்ப வெகு நேரமாயிற்று. "யாரோ ஒருவர் நடந்துபோகிறார்." நாள் முழுக்கச் செருப்புக்குப் பசை தடவிய கை. எத்தனை கழுவினாலும் போகாத வாசம். அந்தக் கையால் பிசைந்த சோற்றில், எங்கேயோ தூர தேசத்தில் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கப் போகிற ஒரு மனிதர் நடந்துபோகிறார். அவரை அம்மாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலைக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். விடியற்காலையில் வேனுக்காக டிபன் டப்பாவோடு நிற்கும் பெண்களை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். இந்த வரி எனக்குத் தோன்றியதில்லை.

இப்போது உங்கள் கூட்டத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். நீங்கள் எல்லோரும் கைதட்டியது "தியாகத்தின் சிகரம்" என்ற இடத்துக்கு. ஐயா குறை சொன்னது சோற்றில் நடந்துபோகிறவரை. பாராட்டியவர்கள் கவிதையின் பலவீனமான இடத்தைப் பாராட்டியிருக்கிறீர்கள். குறை சொன்னவர் அதன் உயிரான இடத்தைக் குறை சொல்லியிருக்கிறார். பாராட்டா, விமர்சனமா என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறீர்களே, அன்று சாயங்காலம் அந்த மரத்தடியில் இரண்டுமே நடக்கவில்லை. அவன் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை. அவன் வராமல் போனதற்குச் சிரிப்பு மட்டும் காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன். அந்த வரிக்கு முன்னால் அவன் ஒரு நொடி நிறுத்திப் படித்திருப்பான். யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா என்று தேடியிருப்பான்.

நான் வாணியம்பாடியில் வளர்ந்தவன். உருதுக் கவிதை அங்கே தெருவிலேயே புழங்கும். அப்பாவோடு சின்ன வயதில் முஷாயிராவுக்கு, அதாவது உருதுக் கவியரங்கத்துக்குப் போவேன். பாதி புரியாது. ஆனால் கூட்டம் கேட்கும் விதம் மனதில் பதிந்துவிட்டது. கவிஞர் ஒரு கண்ணியின் முதல் வரியைச் சொல்வார். கூட்டம் அந்த வரியைத் தானும் திருப்பிச் சொல்லும். அவர் மறுபடி அதே வரியைச் சொல்வார், இரண்டாவது வரியைத் தராமல் காக்க வைப்பார். அது வந்து விழுந்ததும் "வாஹ்" என்று எழும். மிகவும் பிடித்துவிட்டால் "முகர்ரர்" என்பார்கள். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அர்த்தம். அங்கே படிக்கும் கஜல் என்ற கவிதை வகையில் ஒவ்வொரு கண்ணியும் தனித்து நிற்கக் கூடியது. அதனால் பாராட்டும் கண்ணி கண்ணியாகத்தான் விழும். எது கூட்டத்தைத் தொட்டது, எது சும்மா கடந்துபோனது என்று வீட்டுக்குப் போகும்போது கவிஞருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் "அருமை"யில் அந்தத் தகவல் இல்லை. ஐந்து வருடமாக அது கிடைத்தும் உங்கள் கவிதை எப்படி என்று உங்களுக்கே தெரியவில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

அதே ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஓர் உருது ஆசிரியர். கவிதை எழுதும் ஷாகிர்த், அதாவது மாணவர், தான் எழுதியதை உஸ்தாதிடம், அதாவது குருவிடம், கொண்டுபோய்க் காட்டுவார். அவர் ஒரு சொல்லை மாற்றுவார், ஒரு வரியை அடிப்பார். இதற்கு இஸ்லாஹ் என்று பெயர், திருத்தம். இது உஸ்தாத் வீட்டில், இரண்டு பேருக்குள் நடப்பது. தில்லியில் இருந்த உருதுக் கவிஞர் காலிப், வெளியூர் மாணவர்களுக்குத் தபாலிலேயே இஸ்லாஹ் செய்து அனுப்பியிருக்கிறார். பாராட்டு சபையில், திருத்தம் வீட்டில். இந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

புரிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 20 வயதில் உள்ளூர்க் கூட்டம் ஒன்றில் நான் ஒரு கவிதை படித்தேன். பெரியவர் ஒருவர் எழுந்து, அதிலிருந்த பிழைகளை ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணினார். ஏழு வந்தது. அவர் சொன்னதில் ஐந்து சரி என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஆறு வருடம் நான் ஒரு வரி எழுதவில்லை. அந்த ஐந்தையும் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தால் அன்று இரவே உட்கார்ந்து திருத்தியிருப்பேன். அதனால் உங்கள் தம்பி மாதிரியான நிலையில் இருப்பவர்களைப் பற்றி என்னால் ஒட்டாமல் பேச முடியாது.

குறை சொல்லக் கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். தமிழில் கண்டிப்பான விமர்சகர்களுக்குப் பஞ்சமே இல்லை. தோற்ற புலவரின் காதை அறுத்துவிடுவார் வில்லிபுத்தூரார் என்று ஒரு கதை உண்டு. அவரோடு வாதுக்கு வந்தவர் அருணகிரிநாதர், திருவண்ணாமலைக்காரர். 1989இல் மாவட்டம் பிரியும் வரை அவரும் நம் வட ஆர்க்காட்டுக்காரர்தான். அருணகிரியார் அந்தாதி பாடப் பாட, வில்லிபுத்தூரார் பாட்டுக்குப் பாட்டு உடனே பொருள் சொல்லிக்கொண்டு வந்தாராம். 54ஆம் பாட்டு முழுக்கத் தகர எழுத்தாலேயே வந்தது. பொருள் சொல்ல முடியாமல் தோற்றார். அருணகிரியார் அவர் காதை அறுக்காமல் விட்டதோடு, இனி யார் காதையும் அறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கருணையைச் சொல்லத்தான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு இன்னொன்றும் படுகிறது. காதை அறுக்க வந்தவர்கூட முதலில் பொருள் சொன்னார். 53 பாட்டை உள்ளே வாங்கிக்கொண்ட பிறகுதான் அவருக்கு வெற்றி தோல்வி.

உங்கள் தமிழாசிரியர் ஐயாவிடமும் இதையே கேளுங்கள். மரியாதையோடு, அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். "ஐயா, குறை சொல்லுமுன் அந்தக் கவிதை என்ன சொல்கிறது என்று உங்கள் வாயால் ஒரு முறை சொல்லிவிடுங்கள்" என்று. அவரைக் குழுவை விட்டு அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர் கோபத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் படித்தது யாப்பு, செய்யுள் இலக்கணம். வெண்பாவில் மாமுன் நிரை வரவேண்டும், விளமுன் நேர், காய்முன் நேர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றாக முடிய வேண்டும். தவறினால் தளை தட்டும், யார் எழுதினாலும் தட்டும். சபையில் சொன்னாலும் அது எழுதியவரின் மீதான தீர்ப்பாகப் படாது, கணக்கில் ஒரு பிழை மாதிரிதான். அந்த அளவுகோலைத் தம்பியின் கவிதை மேல் வைத்தால் அளக்க முடியாது. ஆனால் அந்த அளவுகோல் உங்களுக்கு வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரை மணி நேரம் ஐயா யாப்பு சொல்லித் தரட்டும். ஒரு வெண்பா எழுதிப் பார்த்தவர் கை, புதுக்கவிதையில் வேண்டாத சொல்லைத் தானே தள்ளும். வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான் மரபை அறிந்தவர். புதுக்கவிதையும் எழுதினார், ஹைக்கூவையும் கஜலையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஒன்று மற்றொன்றுக்குப் பகை என்று ஐயாவும் நினைக்க வேண்டாம், உங்கள் காலேஜ் பிள்ளைகளும் நினைக்க வேண்டாம்.

கூட்டம் நடத்தும் முறையிலும் சிலதை மாற்றுங்கள். இரண்டு மணி நேரத்தில் 14 கவிதை என்றால் ஒன்றுக்கு ஒன்பது நிமிடம்கூட வராது. அதில் "அருமை" மட்டும்தான் சொல்ல முடியும். மாதம் நான்கு பேர் போதும், மற்றவர்கள் அடுத்தடுத்த மாதங்களில். எழுதியவர் படிக்க வேண்டாம், இன்னொருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது, இல்லாத உணர்ச்சியையும் குரலில் சேர்த்துவிடுவோம். இன்னொருவர் எங்கே தடுமாறுகிறாரோ, எந்த இடத்தில் தானாகவே குரலைத் தாழ்த்துகிறாரோ, அங்கேயெல்லாம் எழுதியவருக்குச் செய்தி இருக்கிறது. பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாருக்கு எந்த வரி நினைவிருக்கிறது என்று கேளுங்கள். அந்த வரியைச் சொல்வதே பாராட்டு. ஒருவருக்கும் ஒரு வரியும் நினைவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான், அதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. திருத்தம் வேண்டுமா என்பதை எழுதியவரே சொல்லட்டும். வேண்டும் என்றால், யாரிடம் வேண்டும் என்றும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். அதைக் கூட்டம் கலைந்த பிறகு, கோட்டைக்கு வெளியே டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

சரி, உங்கள் கவிதை. பெயரை மறைத்துக் கேட்டிருப்பதால் இங்கேயே சொல்கிறேன்.

மன்னவன் இல்லாக் கோட்டை
தெய்வம் இல்லாக் கோயில்
நீர் இல்லா ஆறு
நீ இல்லா நான்.

முதல் மூன்று வரியும் வேலூரைப் பற்றி ஊரார் காலம் காலமாகச் சொல்லி வரும் பேச்சு. நான்காவது வரி உங்களுடையது. கேட்டவுடன் கைதட்டு வாங்கும், ஆனால் இரவல் வாங்கிய மூன்று படிமேல் ஏறி நிற்கிறது. ஒரு விஷயம் கவனியுங்கள். மாதா மாதம் நீங்கள் அந்தக் கோட்டைக்குள்தான் உட்காருகிறீர்கள். அதற்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் இப்போது சாமி இருக்கிறார். பல காலம் வெறுமையாகக் கிடந்த கருவறைக்கு 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் இரு கரையையும் தொட்டு ஓடியது, பாலத்தில் நின்று பார்க்க ஊரே போயிற்று. நீங்களும் போயிருப்பீர்கள். போன சாமி வந்துவிட்டது, போன தண்ணீர் ஒரு தடவையாவது வந்து காட்டியது. அப்படியானால் உங்கள் கவிதையில் இன்னும் வராமல் இருக்கிற அந்த "நீ" யார்? அந்த ஆளைப் பற்றி எழுதுங்கள். அந்த நவம்பரில் பாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றபோது பக்கத்தில் யார் இல்லை என்று தோன்றியதோ, அங்கிருந்து தொடங்குங்கள். ஊர்ப் பேச்சில் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அது இந்த நான்கு வரிக்குள் இன்னும் வரவில்லை.

தம்பிக்கு வருகிறேன். அவன் கவிதையை விட்டுவிட்டான் என்று நீங்கள் பயப்படலாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. "போடுங்கக்கா, என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்றானே. அவன் திருத்தம் கேட்டிருக்கிறான். கூட்டத்துக்குத்தான் வரவில்லை. அதனால் என் பதிலை அவனுக்குச் சொல்லிவிடுகிறேன்: தம்பி, கடைசி இரண்டு வரியை எடுத்துவிடு. "தியாகத்தின் சிகரம்" என்பது எந்த அம்மாவுக்கும் பொருந்தும் சொல். ஐந்தே முக்காலுக்கு வேன் ஏறுகிற உன் அம்மாவுக்கு மட்டும் உரியதை அதற்கு முன்பே எழுதிவிட்டாய். அந்த யாரோ ஒருவர் நடந்துபோகிற இடத்தில் நீ நிறுத்திக்கொள். மற்ற எதையும் தொடாதே.

சகோதரி, இதை அவனுக்குப் போனில் படித்துக் காட்டாதீர்கள். நேரில் போங்கள். குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் ஒன்றும் தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், வேன் வராத நாள், அவன் அம்மாவும் வீட்டில் இருப்பார். அவரை எதிரில் உட்கார வைத்து, ஐந்து வரியையும் நீங்களே நிதானமாகப் படியுங்கள். அவர் இதைக் கேட்டிருக்கிறாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.