வாசகர் கேள்வி: எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் எந்த அணி?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், வாலிபாலில் மாவட்ட அளவில் ஆடியிருக்கிறான். நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரி, பாலக்காட்டில் ஒரு எஞ்சினியரிங் கல்லூரி, எல்லை தாண்டிக் கோவையில் ஒரு கல்லூரி என்று மூன்றை யோசித்து வைத்திருக்கிறோம். விளையாட்டுக்கு எது நல்லதுங்க?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, மைதானம் எவ்வளவு பெரிது என்று பார்க்கப் போவதற்கு முன்னால் அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது என்று கேளுங்கள். கல்லூரி அணியில் ஆடுவது முதல் படிதான், அடுத்த படி பல்கலைக்கழக அணி, அதற்கு மேலே இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் இன்டர் யுனிவர்சிட்டி போட்டி. மத்திய அரசு வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரிக்கு ஆடியதை மட்டும் வைத்துக் கேட்க முடியாது, பல்கலைக்கழகத்துக்கு ஆடியிருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ் படிவம் 3, பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தருவது.

சித்தூர் கல்லூரி காலிகட் பல்கலைக்கழகத்தில் வருகிறது. திருச்சூர், பாலக்காடு, மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு என்று ஐந்து மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகளோடு போட்டி போட்டுத்தான் அந்த அணியில் இடம் பிடிக்க வேண்டும், அதுவும் இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் கல்லூரி மாதிரி விளையாட்டுக்கென்றே பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கும் இடங்கள் அதில் இருக்கின்றன. கஷ்டம்தான். ஆனால் அந்த அணிக்குள் போய்விட்டால் கிடைக்கும் கேம்ப், கோச், எதிரணிகளின் தரம் எல்லாமே வேறு. நீளம் தாண்டுதலில் 2022 காமன்வெல்த் வெள்ளி வாங்கிய ஸ்ரீசங்கர் நம் பாலக்காட்டுப் பையன், படித்தது விக்டோரியா கல்லூரியில், அதுவும் இதே பல்கலைக்கழகம்தான்.

எஞ்சினியரிங் கல்லூரி அதே பாலக்காட்டில் இருந்தாலும் காலிகட் அணிக்கு ஆட முடியாது. அது 2014-இல் தொடங்கிய அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வரும். நர்சிங், மருத்துவம் என்றால் சுகாதாரப் பல்கலைக்கழகம். இங்கெல்லாம் பரிசோதனைக்கூடம், இன்டர்னல் மார்க் என்று நேரம் போய்விடும், விடியற்காலைப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதே பாடு. அதே காரணத்தால் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது என் எண்ணம். பையனுக்குப் படிப்பும் முக்கியம், சான்றிதழும் வேண்டும் என்றால் இதைத் தள்ளிவிடாதீர்கள்.

கோவையில் கலை, அறிவியல் கல்லூரிக்குப் போனால் பாரதியார் பல்கலைக்கழகம், அல்லது எட்டிமடை அம்ருதா போல நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தால் அதற்கென்றே தனி அணி. எல்லாமே தென் மண்டலத்தில்தான் வருவதால், வாளையாறைத் தாண்டிப் போன பையன் அப்புறம் காலிகட்டுக்கு எதிரே நெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கவும் கூடும். தமிழில் பேசிப் பழகலாம் என்பதற்காக மட்டும் கோவைக்கு அனுப்ப வேண்டாம், சித்தூர் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது, மைதானத்திலும் பாதிப் பேர் நம் ஆட்கள்தான்.

நான் சொல்வேன்: பையன் உயரமும் ஆட்டமும் உள்ளவன், மூன்று வருஷம் விடாமல் உழைப்பான் என்று அவனுடைய பி.டி. மாஸ்டர் சொன்னால் சித்தூர். அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள், உறவுக்காரர்களிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரிகளை டிவிஷன் 1, 2, 3 என்று பிரிக்கிறார்களாமே, நம் கேரளத்தில் அப்படி உண்டா?
– மாணவர், வேலந்தாவளம்

பதில்: இல்லை தம்பி. அங்கே கல்லூரி விளையாட்டுகளைக் கவனிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1973-இலிருந்து மூன்று டிவிஷன் வைத்திருக்கிறது. ஒஹாயோ என்ற ஒரே மாநிலத்தில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் டிவிஷன் 1, ஆஷ்லாண்ட் 2, மவுன்ட் யூனியன் 3. மூன்றாவதில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது என்பது விதி. இங்கே நல்ல வசதியுள்ள கல்லூரியும் ஒரே ஒரு பி.டி. மாஸ்டரை வைத்துச் சமாளிக்கும் கல்லூரியும் ஒரே நாக் அவுட்டில் மோதுகின்றன, சின்னக் கல்லூரிப் பிள்ளைகள் முதல் ஆட்டத்திலேயே தோற்று பஸ் ஏறிவிடுகிறார்கள். சின்னக் கல்லூரிகளுக்குத் தனி லீக் ஒன்று வைத்தால் அவர்களுக்கும் நாலு ஆட்டம் கிடைக்கும். இதை நம் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டும் என்று நிஜமாகவே விரும்புகிறேன்.

கேள்வி: மகள் ஓட்டக்காரி. எஞ்சினியரிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு நுழைவுத் தேர்வு விண்ணப்பம் மட்டும் போட்டால் போதுமா?
– ஒரு தந்தை, மீனாட்சிபுரம்

பதில்: போதாது. அதில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவைக் குறித்துவிட்டு, சான்றிதழ் நகல்களோடு கேரள மாநில ஸ்போர்ட்ஸ் கவுன்சிலுக்கும் அனுப்ப வேண்டும், மதிப்பெண் போடுவது அவர்கள்தான். கடைசித் தேதியை அந்த வருஷத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.