பழைய டயரை எடுத்துப்போகும் ஆளிடம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு முடிந்ததா?

கேட்டவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர். மாதம் ஒருமுறை லாரி வருகிறது, தேய்ந்த டயர்களை ஏற்றிக்கொண்டு ரசீது தருகிறது, விதிகளின்படி இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

முடியவில்லை என்பதுதான் பதில். அதை நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சரக்கு வாகனங்கள் ஓட்டும் ஒரு நிறுவனத்தின் பணிமனையில் கழிவுப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. திருட்டைத் தடுக்க டயரின் பக்கச்சுவரில் எங்கள் எண்ணைச் சூடு போட்டு வைப்போம். ஒருநாள் அதிகாரிகள் அழைத்தார்கள். ஒரு கைவிடப்பட்ட குழியில் நூற்றுக்கும் மேற்பட்ட லாரி டயர்கள் கிடந்தன, எல்லாவற்றிலும் எங்கள் எண். பதறிப்போய் ரசீதைத் தேடி எடுத்தேன். எண்ணிக்கையும் 'பெற்றுக்கொண்டேன்' என்ற கையெழுத்தும் மட்டுமே இருந்தன. எங்கே கொண்டுபோகிறார்கள், என்ன செய்யப்போகிறார்கள், எடை எவ்வளவு, எதுவும் இல்லை. எடுத்துப்போனவர் போனை எடுக்கவே இல்லை. குழியைச் சுத்தம் செய்த செலவு எங்கள் தலையில் விழுந்தது.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒரே விஷயம்: டயர் கேட்டைத் தாண்டும்போது வேலை முடிவதில்லை. அது என்னவாக மாறியது என்ற அத்தாட்சி திரும்பி வரும்போதுதான் முடிகிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். 1990-இல் கனடாவின் ஹேகர்ஸ்வில் என்ற இடத்தில் சுமார் 1.4 கோடி டயர்கள் குவிந்திருந்த கிடங்கு தீப்பிடித்து 17 நாள் எரிந்தது, சுற்றியிருந்த மக்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. வேல்ஸ் நாட்டின் ஹேயோப் பகுதியில் 1989-இல் பற்றிய டயர் குவியல் பல ஆண்டுகள் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. வளைய வடிவத்தால் குவியலுக்குள் காற்று எப்போதும் இருக்கிறது. மேலே ஊற்றும் தண்ணீர் தீயின் அடியைத் தொடுவதே இல்லை. சூட்டில் சிதையும் ரப்பரிலிருந்து எண்ணெய் வடிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. எரியாமல் கிடந்தாலும் நிம்மதி இல்லை. உள்ளே தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆசியப் புலிக்கொசு கண்டம் விட்டுக் கண்டம் போனதற்குப் பழைய டயர் வணிகம் ஒரு முக்கியக் காரணம். குவியலின் உயரத்துக்கு வரம்பு, குவியல்களுக்கு நடுவே இடைவெளி, மழை படாத கூரை என்றெல்லாம் விதிகள் கேட்பது இதனால்தான்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் கொண்டுவந்த விதியால் 2003 முதல் முழு டயரையும் 2006 முதல் துண்டாக்கிய டயரையும் குப்பைமேட்டில் புதைக்கத் தடை. பிரேசிலில் 2009 முதல், தேய்ந்த டயருக்குப் பதிலாக வாங்கும் மாற்று டயர் சந்தையில் விற்கும் ஒவ்வொரு புதிய டயருக்கும் ஒரு பழைய டயரை முறையாக அகற்றும் கடமை தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மேல் இருக்கிறது. இந்தியாவில் 2022 ஜூலையில் வந்த விதிகளின்படி டயர் தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். முன்பு தயாரித்த அல்லது இறக்குமதி செய்த டயரின் அளவில் முதல் ஆண்டு 35 சதவீதத்துக்கு, அடுத்த ஆண்டு 70 சதவீதத்துக்கு, பிறகு முழு அளவுக்கும்.

உங்களைப் போன்ற டயர் பயன்படுத்துபவருக்கு இதில் நேரடி இலக்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் உங்களைப் போன்ற பணிமனைகளில் தொடங்குகிறது. ஆரம்பத்திலேயே பொய் புகுந்தால் மேலே உள்ள சான்றிதழும் பொய்தான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில் பிரிப்பது. கேசிங், அதாவது தேயும் மேற்பட்டைக்கு அடியில் உள்ள டயரின் உடல், நல்ல நிலையில் இருந்தால் புதிய மேற்பட்டை ஒட்டி ரீட்ரெட் செய்ய அனுப்பலாம், அதுதான் டயருக்குக் கிடைக்கும் நல்ல இரண்டாவது வாழ்க்கை. மீதியைக் கழிவு என்று தெளிவாக எழுதுங்கள். எதற்கும் உதவாத டயரையும் 'மறுபயன்பாட்டுக்கு' என்று எழுதி வாங்கிப்போவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். அப்படி எழுதினால் கழிவு விதிகள் எதுவும் அதைத் தொடுவதில்லை.

அடுத்து எடை. லாரி டயர் ஒன்று தோராயமாக 50 முதல் 60 கிலோ, கார் டயர் 8 முதல் 10 கிலோ. எண்ணிக்கையைப் பெருக்கிப் பார்த்து எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். தேய்ந்த டயர் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். எடை கூடுதலாக வந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு மழைக்காலத்தில் இப்படித்தான் கணக்கு உதைத்தது. அப்புறம், உங்கள் சீட்டும் மறுசுழற்சியாளர் இறக்கும்போது போடும் சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

எடுத்துப்போகும் வண்டிக்கு ஓர் அனுமதி, மறுசுழற்சி ஆலைக்கு இன்னொரு அனுமதி. இரண்டையும் தேதியோடு பார்க்க வேண்டும். ஆலைக்கு ஆண்டுக்கு எத்தனை டன் அனுமதி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாங்குகிறவர்கள் எங்கோ கொட்டுகிறார்கள் அல்லது கைமாற்றுகிறார்கள்.

என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். அரைத்துக் கிரம்ப் ரப்பராக, அதாவது ரப்பர் துகளாக, ஆக்கினால் தார்ச்சாலைக்கும் ரப்பர் விரிப்புக்கும் போகும். சிமென்ட் சூளையில் நிலக்கரிக்குப் பதில் எரியும், உள்ளிருக்கும் இரும்பும் சிமென்ட்டோடு சேர்ந்துவிடும். காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் பைராலிசிஸ் முறையும் உண்டு. ஒழுங்கான ஆலையில் அது பயனுள்ள முறை. மூடி சரியாகப் பொருந்தாத கலனில் செய்தால் அருகில் வேலை செய்பவர்களின் நுரையீரலுக்கு அது நஞ்சு. அப்படிப்பட்ட இடத்துக்கு, காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நான் ஒரு டயர்கூட அனுப்பமாட்டேன்.

கடைசியாக ஒன்று. புதிய ஆலைக்கு முதல் லோடு போகும்போது நீங்களும் அதே வண்டியில் போய்வாருங்கள். அங்கே ரப்பரைப் பார்ப்பதற்கு முன் இரும்புக் கம்பி எங்கே என்று கேளுங்கள். லாரி டயரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இரும்பு இருக்கும். நிஜமாக அரைக்கும் ஆலையில் சுருள்சுருளாகக் கம்பிக் குவியலும், அதை வாங்கிப்போகிறவரின் ரசீதும் கட்டாயம் இருக்கும்.