ரோலர் கோஸ்டர் பிரியரான உங்களுக்குப் பொழுதுபோக்குப் பூங்காவில் மிகப் பிடித்த சவாரி எது? உயரமும் வேகமும் கூடக் கூடச் சவாரி நன்றாக இருக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இருக்காது.

உயரமும் வேகமும் விளம்பரப் பலகையில் எழுத வசதியான எண்கள். இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் உடம்புக்குத் தெரிவது வேறு. ஒரு ரோலர் கோஸ்டர் நல்லதா இல்லையா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் கவனிப்பேன். அது என்னை எத்தனை முறை இருக்கையிலிருந்து எழுப்பியது, எப்படி எழுப்பியது? இதற்கு எங்களைப் போன்ற பிரியர்கள் சொல்லும் பெயர் ஏர்டைம்.

எனக்குப் பதினொரு வயதில் மாமா ஒரு சின்ன கோஸ்டருக்குக் கூட்டிப்போனார். முன்வரிசைக்கு எல்லோரும் முண்டியடித்துக்கொண்டிருக்க, அவர் என்னை நேராகக் கடைசி வரிசைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தார். "கம்பியை இறுக்கிப் பிடிக்காதடா, கண்ணை மட்டும் மூடாதே" என்றார். முதல் மேட்டைத் தாண்டி இறங்கியபோது தொடைக்கும் இருக்கைக்கும் நடுவில் காற்று புகுந்தது. அரை வினாடி இருந்திருக்கும். அதன்பின் எத்தனையோ கோஸ்டர்களில் ஏறிவிட்டேன். எல்லாவற்றிலும் நான் தேடுவது அந்த அரை வினாடியைத்தான்.

அது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் ரசனையே மாறிவிடும். ஒரு கல்லைச் சாய்வாக மேலே எறிந்தால் வளைந்து போய் விழுகிறது அல்லவா? மேட்டின் மேல் ஏறும்போது நம் உடம்பும் அப்படி எறியப்பட்ட கல்தான். தண்டவாளம் அந்தக் கல் போகும் வளைவை அப்படியே ஒட்டிப் போனால் உடம்புக்கும் இருக்கைக்கும் நடுவே அழுத்தமே இருக்காது. மெல்ல மிதப்பீர்கள். இதை ஃப்ளோட்டர் என்போம். கல்லின் வளைவைவிட வேகமாகத் தண்டவாளம் கீழே மடங்கினால், இருக்கை உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும். மடிமேல் இருக்கும் கம்பிதான் உங்களைப் பிடித்துக் கீழே இழுத்துப் போகும். இது எஜெக்டர். முதலாவது சுகம், இரண்டாவது அதிர்ச்சி. ஒரே சவாரியில் இரண்டும் மாறி மாறி வந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

மாமா கடைசி வரிசையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது வண்டியின் பெரும்பகுதி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் முன்வரிசைக்காரர்கள் விளிம்பில் தயங்கித் தொங்குவார்கள். கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்னால் உள்ள பெட்டிகள் எல்லாம் சரிவில் பாய ஆரம்பித்திருக்கும். எனவே அது உச்சியை வேகமாகத் தாண்டும், ஆட்களும் அதிகமாக எழும்புவார்கள். காற்றும் காட்சியும் வேண்டுமென்றால் முன்னால் உட்காருங்கள். எழும்ப வேண்டுமென்றால் பின்னால்.

இந்த எழும்பல் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. 1884 இல் லாமார்கஸ் தாம்சன் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் திறந்த ஸ்விட்ச்பேக் ரயில்வே என்ற கோஸ்டர் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான் போனது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கடற்கரையை வேடிக்கை பார்த்தபடி போகலாம். அதைவிட வேகமாக ஒரு மேட்டைத் தாண்டவைத்தால் பெட்டியே தண்டவாளத்தை விட்டுக் கிளம்பிவிடும் அபாயம் இருந்தது. அதைத் தீர்த்தவர் ஜான் மில்லர். தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் பற்றிக்கொண்டு ஓடும் சக்கரத்துக்கு அவர் 1919 இல் காப்புரிமை வாங்கினார். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று வகைச் சக்கரங்கள் பிடித்துக்கொண்டதால், பெட்டி எழும்ப முடியாது, ஆட்கள் மட்டும் எழும்பலாம் என்று ஆனது. நான் கைகூப்ப வேண்டிய ஒரே கண்டுபிடிப்பாளர் யாரென்றால் மில்லரைத்தான் சொல்வேன். சங்கிலி மேலே இழுக்கும்போது கேட்கும் 'கடகட' சத்தமும் அவர் வேலையிலிருந்து வந்ததுதான். பெட்டி பின்னோக்கி உருண்டுவிடாமல் பல் பல்லாகப் பிடிக்கும் அமைப்பு அது. பயந்தவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை நீங்கள் பத்திரமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறீர்கள்.

அதே கோனி ஐலண்டில் 1927 இல் திறந்த சைக்ளோன் இன்றும் ஓடுகிறது. மரத் தண்டவாளம், உயரம் வெறும் 26 மீட்டர். இன்றைய பெரிய கோஸ்டர்கள் பக்கத்தில் நின்றால் குழந்தை மாதிரி இருக்கும். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் சரிவில் இறங்கியபோது என் தொடை கம்பியில் மோதி நின்ற விதம், அதைப் போல மூன்று மடங்கு உயரமான சில சவாரிகளில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

உயரப் போட்டிக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள சீடர் பாயிண்ட் பூங்காவில் 1989 இல் மேக்னம் என்ற கோஸ்டர் 200 அடியை (சுமார் 61 மீட்டர்) தாண்டியது. அதே பூங்காவில் 2000 இல் மில்லேனியம் ஃபோர்ஸ் 94 மீட்டரைத் தொட்டது. 2005 இல் நியூ ஜெர்சியில் கிங்டா கா 139 மீட்டர் உயரத்துக்கு, மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் போனது. வேகத்தில் அதையும் 2010 இல் அபுதாபியின் ஃபார்முலா ரோசா 240 என்று முந்தியது. கிங்டா கா இப்போது இல்லை. 2025 தொடக்கத்தில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வகைக் கோஸ்டர் ஏவப்படும், ஏறும், இறங்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு வாக்கியம் உள்ள கதை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சரிவில் கிடைக்கும் வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். எஃகும் செலவும் ஏறிக்கொண்டே போகும், கிடைக்கும் வேகம் அந்த அளவுக்கு ஏறாது. அதுவும் போக, திறந்த வெளியில் 150 கிலோமீட்டர் வேகம்கூடக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. பக்கத்தில் ஏதாவது விர்ரென்று பின்னால் ஓட வேண்டும். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் கட்டக்கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லியின் குழுவினர் பாறையைக் குடைந்து பள்ளம் பறித்து, அதற்குள் 1994 இல் நெமிசிஸைத் திறந்தார்கள். கால் தொங்கும் வகைக் கோஸ்டர் அது. மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர்தான் போகும். பாறைச் சுவர் பாதத்தை உரசுவது போல நெருங்கும்போது அந்த 80 எனக்கு 150 ஆகத் தெரிந்தது.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒன்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒஹாயோவிலேயே கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 1979 முதல் ஓடும் தி பீஸ்ட். 2,243 மீட்டர் நீளம், உலகின் மிக நீளமான மரக் கோஸ்டர், நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும். ஏர்டைம் ஏறக்குறைய கிடையாது. பகலில் ஏறினால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். இரவில் ஏறுங்கள். காட்டுக்குள் விளக்கே இல்லை, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாது, மரச்சட்டங்கள் முனகுகின்றன. பகலில் ஏறிய அதே தண்டவாளம்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. மரக் கோஸ்டர்களுக்குப் பொதுவாகவே மாலை நேரம் நல்லது. நாள் முழுக்க ஓடிச் சூடேறிய சக்கரங்களும் மசகும் வேகத்தைக் கூட்டியிருக்கும்.

தலைகீழாகச் சுற்றுவதைப் பற்றியும் பலர் கேட்பார்கள். 1895 இல் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒன்று வந்தது. அதன் லூப் சரியான வட்டம். தவறே அங்கேதான். வட்டமான லூப்பை விழாமல் தாண்டத் தேவையான குறைந்தபட்ச வேகத்தில் போனாலும், அடியில் உடம்பின் எடை ஆறு மடங்காகிவிடும், அதுவும் ஒரே நொடியில். கழுத்து தாங்குமா? 1976 இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டர் வந்தபோது வெர்னர் ஸ்டெங்கல் என்ற பொறியாளர் லூப்பைக் கண்ணீர்த்துளி வடிவில் வரைந்தார். அடியில் அகன்ற வளைவு, மேலே குறுகிய வளைவு. எடை படிப்படியாக ஏறி இறங்குகிறது. இன்றைய லூப்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆல்டன் டவர்ஸின் தி ஸ்மைலர் 14 முறை தலைகீழாக்குகிறது. அந்த எண்ணிக்கை எனக்குப் பெரிதில்லை. சரியான இடத்தில், மெதுவாகப் புரட்டி, ஒரு கணம் தலைகீழாகத் தொங்கவிடும் ஒரே ஒரு புரட்டல் போதும்.

சரி, முதல் கேள்வி. எனக்கு மிகப் பிடித்தது சீடர் பாயிண்டின் ஸ்டீல் வெஞ்சன்ஸ். 1991 இல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டரை மூடிவிட்டு, அதன் மரச்சட்டகத்தை வைத்துக்கொண்டே, ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம் மேலே எஃகுத் தண்டவாளம் போட்டது. 2018 இல் திறந்தார்கள். மரத்தால் செய்ய முடியாத முறுக்கலை எஃகு செய்யும். மரச்சட்டங்களுக்கு நடுவே புகுந்து ஓடும் நெருக்கமும் அப்படியே இருக்கிறது. மொத்தம் 27 வினாடிக்கு மேல் ஏர்டைம் என்று அறிவித்திருந்தார்கள். எண்ணிப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. ஒரு மேட்டில் நேராக எழுப்புகிறது, அடுத்ததில் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கி எறிகிறது. கடைசி முப்பது நொடிகளில் மூச்சு வாங்க இடமே தராமல் குட்டிக் குட்டி மேடுகளாக அடுக்கியிருக்கிறார்கள். பிரேக்கில் வந்து நின்றபோது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம், பேச்சு வரவில்லை.

மற்ற சவாரிகளைப் பற்றி. கோபுரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய்க் கீழே விழவிடும் ஃப்ரீ ஃபால் டவர் எனக்குப் பிடிக்கும். மேலே போய் நிற்கும் அந்தக் காத்திருப்புதான் அதன் சுவையில் பாதி. பல கோபுரங்களில் கீழே வேகத்தைக் குறைப்பது காந்தமும் உலோகத் தகடுகளும்தான். மின்சாரம் போனாலும் அவை வேலை செய்யும். கொலம்பஸ் கப்பலை யாரும் மதிப்பதில்லை. இரு முனைகளிலும் உள்ள கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், பூங்காவிலேயே எளிதாகக் கிடைக்கும் ஏர்டைம் அது. ராட்சத ராட்டினம் ஓய்வெடுக்க. தண்ணீர்ச் சவாரி வெயிலுக்கு. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும் ராட்டினங்கள் எனக்கு வேண்டாம். காதுக்குள் உள்ள திரவம் உடம்போடு சேர்ந்து சுழலப் பழகிவிட்டு, நின்ற பிறகும் சுற்றுவதாகவே மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். டில்ட்-அ-வேர்ல் மட்டும் விதிவிலக்கு. 1926 இல் ஹெர்பர்ட் செல்னர் வடிவமைத்தது. மேடு பள்ளமான மேடையில் தொட்டி எந்தப் பக்கம் சுழலும் என்று ஊகிக்கவே முடியாது. இயற்பியல் ஆய்விதழில் அதன் ஒழுங்கற்ற இயக்கத்தைப் பற்றிக் கட்டுரையே வந்திருக்கிறது. கண்ணில் மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு கோஸ்டரில் போகும் ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உண்மையான உயரத்தை மறைத்துவிட்டு வரைந்த உயரத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

பயத்தைப் பற்றி ஒரு விஷயம். ஒருமுறை ஒரு பூங்காவில் எங்கள் வண்டி ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. இருபது நிமிடம் கழித்து ஓரத்துப் படிக்கட்டு வழியாக இறக்கிவிட்டார்கள். கூட வந்தவர்கள் 'தப்பித்தோம்' என்றார்கள். தப்பிக்க அங்கே ஒன்றும் இல்லை. தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம் என்று கட்டுப்பாட்டு அமைப்பு கண்காணிக்கும். முன்னால் போன வண்டி நகரவில்லை என்றாலோ ஒரு உணரி சந்தேகப்பட்டாலோ பின்வண்டியை நிறுத்திவிடும். நின்றது அமைப்பு ஒழுங்காக வேலை செய்ததால்தான். நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. உயரம் போதாத பிள்ளையை எக்கி நிற்கச் சொல்லி அளவுகோலை ஏமாற்றும் பெற்றோரைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அந்த அளவு மடிக்கம்பி சரியாகப் பிடிக்கும் உடம்புக்காக வைத்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதுகு, கழுத்து, இதயத்தில் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடுங்கள்.

முதன்முறை ஏறப் போகிறவர்கள் நடுத்தர உயரமுள்ள, மடிக்கம்பி மட்டும் உள்ள கோஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். நடு வரிசையில் உட்காருங்கள். தலையை இருக்கையோடு ஒட்டி வையுங்கள். பள்ளத்தில் உடம்பு கனக்கும்போது தொடைத் தசையை இறுக்கினால் கண் இருட்டாது. கண்ணை மூடினால் அடுத்த திருப்பத்துக்கு உடம்பு தயாராக முடியாமல் இன்னும் அதிகமாகக் குலுங்கும், அதனால் திறந்தே வையுங்கள். இறங்கியதும் கால் நடுங்கினால் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்து, மறுபடி வரிசையில் நில்லுங்கள். இரண்டாவது முறைக்குக் கடைசி வரிசை.