கேட்டதும் சொன்னதும்: ராக்கெட் ஏன் குலுங்குகிறது?

கேள்வி: விண்ணில் பாயும்போது ராக்கெட் கடுமையாக அதிரும் என்கிறார்கள். அதன் உடலை இன்னும் கனமான உலோகத்தில் செய்துவிட்டால் அதிர்வு அடங்கிவிடாதா? (இயந்திரவியல் மாணவி ஒருவர்)

பதில்: அடங்காது. எடை கூடுவதால் சுமந்து செல்லும் திறன் குறையும் என்பது ஒருபுறம் இருக்க, அதிர்வில் ஆபத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உலோகத்தின் வலு அல்ல, இரண்டு தாளங்களின் பொருத்தம். அப்பல்லோ விண்கலங்களைச் சுமந்து சென்ற, 110 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன் 5 ராக்கெட்டும் ஒரு நீண்ட சுருள்வில்லைப் போல மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்கியது. அப்படிச் சுருங்கும்போது, தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு இறங்கும் குழாயில் திரவ ஆக்சிஜனின் அழுத்தம் ஏறி இறங்கும். அதனால் எஞ்சினின் உந்துவிசை ஏறி இறங்கும். அந்த விசை மறுபடியும் உடலைச் சுருக்கும். விநாடிக்கு ஏறத்தாழ 13 டன் எரிபொருளும் ஆக்சிஜனும் தீர்ந்துகொண்டே இருந்ததால், எடை குறையக் குறைய உடலின் இயல்பான அதிர்வெண் உயர்ந்து, ஒரு கட்டத்தில் குழாயின் அதிர்வெண்ணோடு இணைந்துவிட்டது. 1968 ஏப்ரல் 4 அன்று ஆளில்லாமல் சென்ற அப்பல்லோ 6, புறப்பட்டு இரண்டு நிமிடங்கள் ஆனபோது விநாடிக்கு ஐந்து முறை என்ற கணக்கில் சுமார் 30 விநாடிகள் குலுங்கியது இதனால்தான். குதிகோல் விளையாட்டின் பெயரால் இதைப் 'போகோ' என்பார்கள்.

தீர்வு மிக எளியது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டம்' என்று இடிக்கும். தண்ணீர் அமுங்காது என்பதால் வரும் இடி அது. அந்தக் குழாயோடு காற்று நிறைந்த சிறு அறை ஒன்றை இணைத்தால், காற்று அமுங்கி இடியை வாங்கிக்கொள்ளும். ராக்கெட்டில் முதலில் எரியும் பகுதியான முதல் கட்டத்தின் வெளிப்புற எஞ்சின்கள் நான்குக்கும் செல்லும் ஆக்சிஜன் குழாய்களில் இருந்த வால்வுகளின் உட்குழிவில் பொறியாளர்கள் ஹீலியம் வாயுவை நிரப்பினார்கள். குழாயின் தாளம் மாறி, உடலின் தாளத்திலிருந்து விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்று மனிதர்களுடன் சென்ற அப்பல்லோ 8-இன் முதல் கட்டத்தில் இந்தக் குலுக்கல் எழவில்லை.

இரண்டாம் கட்டத்தையும் போகோ விட்டுவைக்கவில்லை. 1970-இல் அப்பல்லோ 13 மேலேறியபோது அந்தக் கட்டத்தின் நடு எஞ்சின் விநாடிக்கு 16 முறை அதிர்ந்தது. எஞ்சின் பொருத்தப்பட்ட இடத்தில் அதிர்வு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 34 மடங்கை எட்டியது. எஞ்சின் இரண்டு நிமிடம் முன்னதாகத் தானாகவே நின்றுவிட, மற்ற நான்கும் கூடுதல் நேரம் எரிந்து ஈடுகட்டின. அப்பல்லோ 14 முதல் அந்த எஞ்சினின் ஆக்சிஜன் குழாயிலும் வாயு அறை இடம்பெற்றது.

கேள்வி: ஏவுதளத்தில் தண்ணீரைக் கொட்டுவது சூட்டைத் தணிக்கவா? (வாசகர் ஒருவர்)

பதில்: முதன்மையாக ஒலியையும் அழுத்த அலையையும் தணிக்கத்தான். 1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா விண்ணோடம் முதன்முறை கிளம்பியபோது, பக்கவாட்டில் இருந்த திட எரிபொருள் உந்துபொறிகளான பூஸ்டர்கள் தீப்பற்றிய கணத்தில் எழுந்த அழுத்த அலை எதிர்பார்த்ததைவிட வலுவாக மோதியது. வெப்பக் காப்பு ஓடுகளில் 16 கழன்று விழுந்தன, 148 சேதமடைந்தன. அடுத்த பயணத்துக்கு முன் பூஸ்டர்களின் புகைவழியில் தண்ணீர் பீய்ச்சவும், அவற்றின் கீழே தண்ணீர்த் தொட்டிகளை விரிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அலையின் வலு பெரிதும் தணிந்தது.