ஸ்டீயரிங்கில் ஆட்டம்: ரேக்கை மாற்றுவதற்கு முன்

கேள்வி: 2007இல் பதிவான டீசல் எஸ்யூவி ஒன்றை இரண்டாவது உரிமையாளராக வைத்திருக்கிறேன், இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. காலையில் வண்டியைக் கிளப்பி வாசலிலிருந்து திருப்பும்போது ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, முன்பக்கத்தில் ஒரு முனகல் சத்தமும் கேட்கிறது. நேராக ஓடும்போது சக்கரம் திரும்பாமலே ஸ்டீயரிங் நான்கு விரல் அகலத்துக்கு அசைகிறது. ஸ்டீயரிங் திரும்புவதை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள் மெக்கானிக்குகள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு தனித்தனிக் குறைகள். கனமும் முனகலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலின் அழுத்தத்தைச் சேர்ந்தவை; ஆட்டமோ இணைப்புகளின் தேய்மானத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் ரேக்கே காரணமாக இருக்கலாம் என்றாலும், அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

முதலில் முன் டயர்களின் காற்றைப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயரே ஸ்டீயரிங்கைக் கனமாக்கிவிடும். அடுத்து, பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்தோ மேற்பரப்பு பளபளவென்று வழுக்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆயில் டப்பாவைத் திறந்தால், ஆயில் நுரைத்துத் தெரிகிறதா என்பது புலப்படும். நுரை இருந்தால் காற்று உள்ளே போகிறது என்று பொருள். டப்பாவுக்கும் பம்புக்கும் இடையே உள்ள ஹோஸின் கிளிப் தளர்ந்திருப்பதும், அந்த ஹோஸ் வயதாகி வெடித்திருப்பதும் இவ்வளவு பழைய வண்டிகளில் சாதாரணம். சில வண்டிகளில் டப்பாவுக்குள்ளேயே ஒரு சிறு வலை வடிகட்டி இருக்கும். அது அடைத்துக்கொண்டாலும் பம்ப் ஆயிலுக்குத் திண்டாடி முனகும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். வண்டியைச் சமதளத்தில், சக்கரங்கள் தரையில் பதிந்தபடியே நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு அசைத்துக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வோர் இணைப்பின் மீதும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் கம்பியில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட், ரேக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் புஷ், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையான டை ராடு எண்ட் என்று வரிசையாகப் போனால், எங்கே 'டக்' என்று கையில் உணர்கிறீர்களோ அங்கேதான் தேய்மானம். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மட்டும் ஆட்டிப் பார்த்து முடிவு சொல்பவர்களுக்கு யுனிவர்சல் ஜாயின்ட் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. டை ராடு எண்டை மாற்றினால் வீல் அலைன்மென்டையும் உடனே செய்துவிடுங்கள். இல்லையென்றால் புது டயரே ஆனாலும் ஓரம் தின்றுவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே ரேக்கின் பக்கம் போகலாம். அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறையின் கிளிப்பைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. உங்களுக்குச் சொல்லப்பட்டது சரிதான். அப்போதும் உள்ளே இருக்கும் தண்டில் கீறலோ துருவோ இல்லையென்றால், சீல் மட்டும் மாற்றிப் பழுதுபார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 'ரேக்கை டைட் வைத்தால் போதும்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்ந்த ரேக்கை அளவுக்கு மீறி முறுக்கினால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். அது ஆட்டத்தைவிட ஆபத்தானது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டீயரிங்கின் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் உள்ள இடைவெளி அது, 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் ஏறத்தாழ 10 செ.மீ. உங்கள் நான்கு விரல் அதற்குள் அடங்கிவிடும் என்றாலும், ரேக் வைத்த வண்டிக்கு அது மிக அதிகம். டை ராடு எண்ட் போன்ற பால் ஜாயின்ட்களுக்கு (குண்டு மூட்டுகளுக்கு) ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்வதால், கிழிந்த மூடிகளைப் பதிவுப் புதுப்பிப்புக்குப் போகும் முன்னரே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. 100ஐத் தாண்டினால் குறைந்துவிடுகிறது. இதுவும் தேய்மானமா?
– வாசகி, மேலூர்

பதில்: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் சக்கர பேலன்சிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வயல் வரப்பில் ஓட்டிய வண்டியாக இருந்தால் ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேறே போதும், நடுக்கத்துக்கு. கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் முன் டிஸ்க்கைச் சோதியுங்கள்.

கேள்வி: பவர் ஸ்டீயரிங் டப்பாவில் தவறுதலாக பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?
– வாசகர், காங்கேயம்

பதில்: எஞ்சினைக் கிளப்பவில்லை என்றால் கிளப்பாதீர்கள். டப்பாவில் இருப்பது முழுவதையும் ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்து, டப்பாவைத் துடைத்து, கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றுங்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால், திரும்பிவரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, ஆயில் தெளிவாக வரும்வரை முழு அமைப்பையும் கழுவ வேண்டும். பிரேக் ஆயில் பட்ட ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்துவிடும் என்பதால், அடுத்த சில வாரங்களுக்கு வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று காலைதோறும் பாருங்கள்.