வாத்தியாரைக் கேளுங்கள்: ‘வாங்க’ என்பதற்கு ஆங்கிலம் என்ன?

என் மகள் ஏழாம் வகுப்பு. அழைப்பு எழுதும் பயிற்சியில் ‘டூ யூ லைக் டு கம் டு மை பர்த்டே பார்ட்டி?’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் ‘டூ’வை அடித்து ‘வுட்’ போட்டிருக்கிறார். ‘டூ’வில் என்ன தப்பு?
*ஒரு தாய், மன்னார்குடி*

டீச்சர் திருத்தியது சரிதான், அம்மா. ‘டூ யூ லைக் காபி?’ என்றால் காபி பிடிக்குமா என்று பொதுவாக விசாரிக்கிறீர்கள். ‘பிடிக்கும்’ என்று அவர் சொல்ல, பேச்சு அத்தோடு முடிந்துபோகலாம்; டம்ளர் நீட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘வுட் யூ லைக் சம் காபி?’ என்றால் பால் அடுப்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. நாம் ‘வா’வோடு ஒரு ‘ங்க’ சேர்த்தால் மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெரியவருக்கும் ‘கம்’தான், பேரனுக்கும் ‘கம்’தான். அதனால் வினையைக் கடந்த காலத்துக்குத் தள்ளிவிட்டுப் பணிவு காட்டுவார்கள். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகிறது, ‘கேன்’ என்பது ‘குட்’ ஆகிறது. இப்போது கேட்கிற கேள்வியைக்கூட ‘ஐ வாண்டட் டு ஆஸ்க்’ என்று, நேற்றே கேட்க நினைத்த மாதிரி ஆரம்பிப்பதும் இதனால்தான்.

மகளுக்கு இதையும் சொல்லிவையுங்கள்: ‘வுட் யூ லைக்’ வந்தால் பின்னால் ‘டு கம்’, ‘வுட் யூ மைண்ட்’ வந்தால் ‘கமிங்’. பரீட்சையில் இந்த இரண்டையும் கலந்துதான் கேட்பார்கள். அழைப்புக்குப் பதிலாக ‘ஐ வுட் லவ் டு’ என்று சொல்லி நிறுத்திவிடலாம். முடியாதென்றால் அதோடு ஒரு ‘பட்’ போட்டுக் காரணத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊர் வழக்கப்படி ‘ஐ வில் ட்ரை’ என்று நழுவினால், வெள்ளைக்காரர் அதை நம்பி ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பார்.

‘ஐ கோ டு தி ஸ்கூல் எவ்ரி டே’ என்று எழுதியதற்கு மகனுக்கு அரை மார்க் போய்விட்டது. அடுத்த வரியில் ‘மை ஃபாதர் வென்ட் டு தி ஸ்கூல் டு மீட் தி டீச்சர்’ சரியாம். ஒரே பள்ளிக்கூடம்தானே சார்?
*ஒரு தந்தை, ராஜபாளையம்*

கட்டடம் ஒன்றுதான், போகிற வேலை வேறு. பையன் படிக்கப் போகிறான், அதனால் ‘தி’ இல்லை. நீங்கள் திட்டு வாங்கப் போகிறீர்கள், அதனால் ‘தி’ உண்டு. ஜெயிலுக்கும் இதே கணக்குதான்: கைதி ‘டு ஜெயில்’ போகிறான், மனு கொடுத்துப் பார்க்கப் போகிறவர் ‘டு தி ஜெயில்’ போகிறார். சர்ச்சுக்குக் கும்பிடப் போனால் ‘தி’ வேண்டாம். கோயிலுக்குக் கும்பிடப் போனாலும் ‘தி டெம்பிள்’தான். ‘டு வொர்க்’, ஆனால் ‘டு தி ஆபீஸ்’. ஏன் என்று கேட்காமல் மனப்பாடம் செய்வதே நல்லது.

அழைப்பிதழில் ‘ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.’ போடலாமா?
*ஒரு வாசகர், கோவை*

வேண்டாம். ‘தயவுசெய்து பதில் சொல்லுங்கள்’ என்ற பிரெஞ்சு வாக்கியத்தின் சுருக்கம் அது. ‘ப்ளீஸ்’ அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு ‘ப்ளீஸ்’ சேர்த்தால் ‘நடு சென்டர்’ மாதிரி ஆகிவிடும். அப்படியே போட்டாலும் நம் சொந்தக்காரர் யார் பதில் போடப்போகிறார்? சமையல்காரர் உத்தேசமாகத்தான் உலை வைப்பார்.

‘மேரேஜ் இன்விடேஷன்’, ‘வெட்டிங் இன்விடேஷன்’, எது சரி?
*ஒரு வாசகி, திண்டுக்கல்*

‘வெட்டிங்’ போடுங்கள். முகூர்த்தம், பந்தி, மொய் எல்லாம் அதில் அடக்கம். ‘மேரேஜ்’ என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் ஓடுவது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் லீவ் லெட்டர் நீட்டினான். காய்ச்சலுக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த மாதிரிக் கடிதத்தில் ‘ஃபீவர்’ என்ற இடத்தை மட்டும் மாற்றியிருந்தான்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர்ஸ் மேரேஜ்...’ சிவப்பு மையால் ‘சஃபரிங்’கை அடித்தேன். ‘மேரேஜ்’ என் கண்ணில் படவே இல்லை. அந்த நாளில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.